கம்பம் தூக்கிய கை

குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவு வள்ளத்துக்குக் கயிறு பிடிக்கும் தியாகலிங்கத்துக்கு இடது காது கேட்காது. இடப்பக்கம் நின்று தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் மனுசன் திரும்பமாட்டார். புதிதாய் வருகிற சனம் தலைக்கனம் பிடித்தவர் என்று ஏசிவிட்டுப் போகும். இன்னொரு குணமும் உண்டு. கயிற்றைக் கழற்றிய பிறகு கரையில் யாராவது கை காட்டிக்கொண்டு ஓடிவந்தால், அவர் வள்ளத்தை நிறுத்தவிடமாட்டார். ஓடிவந்தவரைப் பார்த்து வாயில் வந்ததெல்லாம் சொல்லுவார். காது போனதும் இந்த வாய் வந்ததும் ஒரே கதையில்தான்.

நயினாதீவில் பிறந்தவர். பதினெட்டு வயதில் கதிர்காமு என்பவனின் மோட்டார் வள்ளத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கதிர்காமு கெட்டிக்கார ஓட்டி. ஆனால் வாய்க்கு முன்னே கை வரும் சாதி. சேர்ந்த இரண்டாம் கிழமை, அம்மனுக்கு நேர்த்தி வைத்த பெண்ணொருத்தி பால்செம்போடு துறையின் மறுகோடியில் இருந்து கை காட்டிக்கொண்டு ஓடிவந்தாள். லிங்கம் அதைக் காணாமல் கயிற்றைக் கழற்றிவிட்டார். கதிர்காமு எஞ்சினை நிறுத்தினான். உப்பில் ஊறிய கயிற்று நுனியை இரண்டாக மடித்து, முகத்தைப் பார்த்து விளாசினான். புருவம் பிளந்து இரத்தம் சட்டைக்குள் இறங்கியது.

"கை காட்டின சனத்தை விட்டிட்டு வள்ளம் போறதில்லையடா. அடுத்த வள்ளம் எப்பவெண்டு ஆருக்குத் தெரியும்? விளங்கிச்சோ?"

விளங்கிற்று. புருவத்துத் தழும்பு காய்ந்த நாளிலிருந்து இருபத்தைந்து வருடம் அவர் ஒருத்தரையும் கரையில் விட்டுப் போகவில்லை. துறையில் யார் கை உயர்ந்தாலும் கயிற்றில் இருந்த அவர் கை தானாக நின்றுவிடும். தீவுச் சனம் அதற்காகவே அவரை வாயார வாழ்த்தும்.

கதிர்காமு வள்ளத்தை விற்றுவிட்டுக் கனடாவில் இருக்கும் மகனிடம் போனபோது லிங்கத்துக்கு நாற்பத்துமூன்று வயது. மனைவி கோசலாவின் ஊரான வேலணையில்தான் குடியிருந்தார். புகையிரதக் கடவைக் காவலுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டார். தீவில் ஏது கோச்சி, ஏது ரயில்பாதை? பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணம் போகவேண்டும். கோச்சியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அது நீளமானது, சத்தம் போடும் என்பதுதான்.

முதலில் ஐந்து நாள் பயிற்சி. படிப்பித்தவர் பாதுகாப்பு அதிகாரி பிரியதர்சினி. முப்பத்தைந்து வயது, மெலிந்த தேகம், கத்திபோலக் குரல். ஒவ்வொரு காலையும் என்ன என்ன பார்க்கவேண்டும் என்று நிற்கவைத்துக் கேட்பார். வீதியை மறிக்கும் கம்பத்தின் கயிறு தேய்ந்திருக்கிறதா, பாரக்கல் சரியாகத் தொங்குகிறதா, கொடி இரண்டும் இருக்கின்றனவா, தண்டவாளத்தை ஒட்டிய பள்ளத்தில் கல் கிடக்கிறதா. கல்லைக் கம்பியால் கிளறி எடுக்காமல் யாராவது சும்மா எட்டிப் பார்த்தால் தொலைந்தான். கடைசி நாள் லிங்கத்தை எழுப்பிக் கேட்டார்.

"கோச்சி வருதெண்டு போன் வந்திட்டுது. கம்பத்தை இறக்கிப்போட்டீர். ஒராள் கை காட்டிக்கொண்டு ஓடி வாறார். என்ன செய்வீர்?"

"கோச்சி எவ்வளவு தூரத்திலை எண்டு பாத்து, விடலாமெண்டால் விடுவன், மிஸ்."

"உமக்கு வள்ளமும் கோச்சியும் ஒண்டே? கோச்சி நிண்டு ஏத்திக்கொண்டு போகாது. ஏறி மிதிச்சுக்கொண்டு போகும். இறங்கின கம்பம் கோச்சி போய் முடியிறவரைக்கும் எழும்பக்கூடாது. நூறுதரம் எழுதும்."

நாற்பத்துமூன்று வயது ஆள் பள்ளிப் பிள்ளைபோலக் குந்தியிருந்து நூறு தரம் எழுதினார். எழுதினது கை. புருவத்துத் தழும்பு வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது.

வேலையில் சேர்ந்த எட்டாம் மாதம் அது நடந்தது. யாழ்ப்பாணத்துக்கு வெளியே ஒழுங்கை ஒன்றின் நடுவே உள்ள சின்னக் கடவை. தண்டவாளத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு கம்பம். ஒரே கயிற்றில் இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கும். காலை ஆறே முக்கால். லிங்கம் கம்பத்தை இறக்கி, கயிற்றைக் கொழுவப் போனார். பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம். திரும்பிப் பார்த்தால் சுஜிதன். வேலணைப் பொடியன், மூன்று ஒழுங்கை தள்ளி வீடு. பட்டணத்தில் போன் திருத்தும் கடையில் வேலை. இருபத்தாறு வயது, கலியாணம் பேசி முடிந்த சந்தோசத்தில் திரிந்தவன். ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டியபடி வந்தான்.

"லிங்கம் அண்ணை, பிடியுங்கோ, நானும் வாறன்."

இறங்குதுறையில் கேட்கும் அதே வார்த்தை. கோச்சி இன்னும் கண்ணில் படவில்லை. லிங்கத்தின் கை கயிற்றை இழுத்தது, கம்பம் எழும்பியது. யோசித்துச் செய்தாரா என்று கேட்டால் இல்லை. இருபத்தைந்து வருடப் பழக்கம் செய்தது.

சைக்கிள் தண்டவாளத்தில் ஏறியதும் முன்சில்லு பள்ளத்துக்குள் இறங்கிச் சரிந்தது. சுஜிதன் விழுந்தான், வலது காலுக்கு மேலே சைக்கிள் கிடந்தது. அவன் முதலில் சிரித்தான். அந்தச் சிரிப்போடு வளைவில் கோச்சி தெரிந்தது. லிங்கம் பாய்ந்து போய் இரண்டு கக்கத்திலும் கை கொடுத்து இழுத்தார். உடம்பு வந்தது, கால் வரவில்லை. பிறகு இரும்போடு இரும்பு நெரியும் சத்தம், சைக்கிள் துண்டு துண்டாய்ப் பறந்தது, சூடான இரத்தம் லிங்கத்தின் வாய்க்குள்ளும் அடித்தது. இழுத்த இழுப்பில் இருவரும் மல்லாக்க விழுந்தார்கள்; ஹெல்மெற் கழன்று சுஜிதனின் பின்மண்டை கல்லில் மோதியது. சுஜிதனின் வலது கால் முழங்காலோடு முடிந்திருந்தது. அதற்குக் கீழே உள்ளது தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் சப்பாத்தோடு கிடந்தது.

இனிச் சொல்லப்போவதுதான் வெட்கக்கேடு. கோச்சி கடந்து முடிந்தது. பொடியன் நிலத்தில் கிடந்து துடிக்கிறான். அவர் அவனை அப்படியே விட்டுவிட்டு முதலில் கம்பத்திடம் போனார். வானத்தைப் பார்த்து நின்ற கம்பத்தை இறக்கிக் கொழுவினார். அதற்குப் பிறகுதான் திரும்பி வந்து, சிவப்புக் கொடியைக் கிழித்துத் துடையில் சுற்றி, வள்ளத்துக் கட்டுப் போட்டு இறுக்கினார். அந்தக் கட்டுத்தான் உயிரைக் காப்பாற்றியது என்று பிறகு டொக்டர் சொன்னார். கட்டுக்கு முன்னே போன பத்து விநாடியைப் பற்றி டொக்டருக்குத் தெரியாது.

சத்தம் கேட்டு ஒழுங்கைச் சனம் ஓடி வந்தது. ஒருத்தரும் நடந்ததைக் காணவில்லை. கண்டது கடவைக் காவல்காரனையும் இரத்தத்தையும்தான். "நித்திரையே கொண்டனீ, நாயே" என்று ஒருவன் சுஜிதனின் ஹெல்மெற்றையே எடுத்து லிங்கத்தின் தலையில் அடித்தான். இன்னொருவன் விலாவில் உதைத்தான். மூன்றாம் ஆள் தலைமயிரைப் பிடித்துத் தண்டவாளத்தில் முகத்தைத் தேய்த்தான். பல்லொன்று உடைந்து நாக்கில் குத்தியது.

"கேற் பூட்டித்தான் கிடந்தது. உவன் கம்பத்துக்குக் கீழாலை குனிஞ்சு வந்தவன்" என்று லிங்கம் கத்தினார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கம்பம் இறங்கித்தான் இருந்தது. அடி நின்றது. அந்த ஒரு வசனத்தால் அடி நின்றது என்பதை அவர் உடம்பு பிடித்துக்கொண்டது. பொலிஸுக்கும் அதையே சொன்னார். விசாரணையிலும் அதையே சொன்னார். கோச்சி ஓட்டினவர் கண்டது தண்டவாளத்தில் கிடந்த சைக்கிளை மட்டும்தான். மண்டையில் அடிபட்ட சுஜிதனுக்கு அன்று காலை நடந்தது ஒன்றும் நினைவில்லை. உயிரைக் காப்பாற்றிய ஊழியர் என்று லிங்கத்துக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்தார்கள்.

கோசலாவுக்கு மட்டும் அன்றிரவே உண்மையைச் சொன்னார். அவள் அழுதாள், பிறகு கண்ணைத் துடைத்தாள். "இஞ்சாருங்கோ, வாயைத் திறந்தியளெண்டால் வேலை போயிடும். பொலிஸ் பிடிச்சு மறியலுக்குள்ளை போடும். நாங்கள் என்ன செய்யிறது? போன கால் இனி முளைக்குமே?" என்றாள். அவள் பக்கம் பார்த்தால் அவளும் பிழையில்லை.

பொய் அதோடு கிடந்திருந்தால் ஒருவேளை உக்கிப் போயிருக்கும். பிரியதர்சினி அதைப் பாடமாக்கினார். புதிய ஆட்களுக்குப் பயிற்சி நடக்கும் ஒவ்வொரு முறையும் கண்ணால் கண்ட சாட்சி என்று லிங்கத்தை அழைத்து முன்னே நிறுத்தினார். "சனம் குனிஞ்சும் வரும். எப்பிடி வரும் எண்டு இவர் காட்டுவார். பின்னாலை இருக்கிறவைக்கும் கேக்கச் சொல்லும், லிங்கம்."

முதல்தரம் நாக்குக் குளறியது. மூன்றாம்தரம் நன்றாக வந்தது. ஐந்தாம்தரம் அவர் ஒரு தும்புத்தடியைக் கம்பமாகப் பிடிக்கச் சொல்லி, தானே சுஜிதனாகி, சைக்கிள் கைபிடியைப் பிடித்தமாதிரி முதுகை வளைத்துக் குனிந்து காட்டினார். வகுப்பு மூச்சுவிடாமல் பார்த்தது. கேட்டவர்கள் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார்கள். பதினொரு வகுப்பு. பதினொரு தரம் அந்தப் பொடியனைக் குனியவைத்தார் பாவி மனுசன்.

கதை பண்ணைப் பாலம் தாண்டி வேலணைக்கும் வந்தது. ஊர் சுஜிதனுக்குப் பட்டம் வைத்தது: குனிஞ்சான். கடையில் குனிஞ்சான், கோயிலில் குனிஞ்சான், பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவன் ஊன்றுகோலோடு போகும்போது பின்னால் குனிந்து நடந்து காட்டின. பேசிய கலியாணம் குழம்பியது. கோச்சிக்குக் குனிஞ்ச விசரனுக்குப் பெண் தர ஏலாது என்று பெண் வீட்டார் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள்.

சுஜிதனின் தகப்பன் பாலசிங்கம் புகையிலைத் தோட்டக்காரர். தாயில்லாமல் வளர்த்த ஒரே பிள்ளை. கலியாணம் குழம்பிய பிறகு மனுசனுக்குத் தலையில் ஏதோ கழன்றுவிட்டது. லிங்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் மண்டைதீவு மீன் வாங்கிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போவார். மீன் கொடுத்தால் நெஞ்சு கொஞ்சம் ஆறும் என்ற நினைப்பு. ஒரு ஞாயிறு படலையைத் திறக்கப் போனவர் அப்படியே நின்றார். முற்றத்தில் சுஜிதன் விழுந்து கிடக்கிறான். பாலசிங்கம் பச்சைப் பூவரசங் கம்பால் விளாசுகிறார்.

"ரெண்டு நிமிசம் பொறுக்க ஏலாமல் போச்சே உனக்கு? குனிஞ்சியேடா, மூதேவி. குனிஞ்சு என்ரை குடும்பத்தையே புதைச்சுப்போட்டியே."

அடி முதுகில் விழுந்தது, தோளில் விழுந்தது, வெட்டின காலின் நுனியிலும் விழுந்தது. சுஜிதன் கையால் தடுக்கவில்லை. தனக்கு வரவேண்டியதுதான் என்று வாங்கிக்கொண்டு கிடந்தான். லிங்கம் மீன் பையைப் படலையில் கொழுவிவிட்டுத் திரும்பி நடந்தார்.

அடுத்த ஞாயிறு சுஜிதன் வீங்கிய உதட்டோடு கேட்டான். "அண்ணை, நீங்கள்தானே கண்டது. நான் ஏன் குனிஞ்சனான்? நான் ஒருநாளும் அப்பிடிச் செய்யிற ஆளில்லையே."

"அவசரமாக்கும், தம்பி" என்றார் லிங்கம். அதைச் சொன்ன வாயில் அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

பன்னிரண்டாவது வகுப்பு வேலணையிலேயே நடந்தது. அந்தமுறை எடுத்த ஆட்கள் எல்லோரும் தீவகத்து ஆட்கள்; ஊர்காவற்றுறை, புங்குடுதீவு, நயினாதீவு என்று பதினெட்டுப் பேர். அதனால் ஊர் மண்டபத்தையே எடுத்திருந்தார்கள். லிங்கம் வழக்கம்போலக் குனிந்து காட்டி முடித்து நெற்றியைத் துடைத்தார். முன்வரிசையில் இருந்த நிருபன் கை தூக்கினான். நயினாதீவுக்காரன், முப்பது வயது, வள்ளத்தில் வேலை செய்துவிட்டு வந்தவன்.

"அண்ணை, குனியிற ஆக்களை விடுங்கோ. எங்கடை ஆள் ஒருத்தர் கை காட்டிக்கொண்டு வாறாரெண்டு வையுங்கோ. கோச்சியும் கண்ணிலை படேல்லை. கம்பத்தைச் சாடையாத் தூக்கி விட்டால் என்ன? ஆருக்குத் தெரியப்போகுது?"

மண்டபம் சிரித்தது. பதினெட்டுப் பேரும் சிரித்தார்கள். எல்லோரும் அதைத்தான் செய்வார்கள் என்பது அந்தச் சிரிப்பில் தெரிந்தது. லிங்கத்தின் கண் இருண்டது. மேசையை உதைத்துத் தள்ளிவிட்டுப் பாய்ந்தார். நிருபனின் கழுத்துச் சட்டையைப் பிடித்துக் கதிரையோடு தூக்கிச் சுவரில் மோதினார். ஒருதரம், இரண்டுதரம். நிருபனின் மூக்கு உடைந்து சுவரில் இரத்தம் தெறித்தது. நாலு பேர் சேர்ந்து பிடித்தும் மனுசனை இழுக்க முடியவில்லை.

"தூக்குவியோ? தூக்குவியோடா? நானும் தூக்கினனான். அவன் கை காட்டினவன், நான் தூக்கினனான். குனியேல்லையடா அவன். ஒருநாளும் குனியேல்லை."

பிரியதர்சினி சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்தார். முகம் வெளுத்திருந்தது.

"பதினொரு வகுப்பு" என்றார். "என்னைக் கொண்டே பொய்யைப் படிப்பிச்சிருக்கிறீர். கம்பத்தைத் தூக்காதை எண்டு சொல்ல வேண்டிய இடத்திலை குனியிறவனைப் பாத்துக்கொள் எண்டு சொல்லி அனுப்பியிருக்கிறன். அவங்கள் இப்ப எத்தினை கேற்றிலை நிக்கிறாங்கள் தெரியுமோ, லிங்கம்?"

பிரியதர்சினி ஒரு தாளை எடுத்து முன்னே வைத்தார். லிங்கம் நடந்ததை எழுதி, கம்பத்தை இறக்கின பத்து விநாடியையும் எழுதி, கையெழுத்துப் போட்டார். வேலை அதோடு சரி. பிரியதர்சினி போனை எடுத்து ஒவ்வொரு கடவைக்கும் பேசத் தொடங்கினார். லிங்கம் சைக்கிளையும் எடுக்காமல் நடந்தே பாலசிங்கம் வீட்டுக்குப் போனார்.

சுஜிதன் விறாந்தையில் இருந்து போன் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தான். பாலசிங்கம் கிணற்றடியில் மண்வெட்டி கழுவினார். லிங்கம் முற்றத்தின் நடுவில் நின்று சொல்லி முடித்தார். கம்பத்தை இறக்கியதையும் விடாமல் சொன்னார்.

பாலசிங்கம் மண்வெட்டியை எறிந்துவிட்டு வந்தார். தோட்டத்துக் கை. இடது காதோடு சேர்த்து விழுந்த முதல் அறையிலேயே உள்ளே ஏதோ பொட்டென்று வெடித்தது; சூடாய் ஒன்று கழுத்தில் வழிந்தது. லிங்கம் விழுந்தார். பாலசிங்கம் நெஞ்சில் ஏறி இருந்து குத்தினார். "என்ரை பிள்ளையை நானே அடிச்சனேடா. உன்ரை பேச்சைக் கேட்டு என்ரை பிள்ளையை அடிச்சனே." ஒவ்வொரு குத்துக்கும் அதையே சொன்னார்.

ஊன்றுகோல் சத்தம் கேட்டது. சுஜிதன் முற்றத்துக்கு வந்து, விறாந்தைத் தூணில் சாய்ந்து, ஊன்றுகோலை இரண்டு கையாலும் தூக்கினான். லிங்கம் கண்ணை மூடிக்கொண்டார். அடி விழுந்தது, அவருக்கு வலிக்கவில்லை. கண் திறந்து பார்த்தால் ஊன்றுகோல் விழுந்தது பாலசிங்கத்தின் முதுகில். இன்னொரு தரம் விழுந்தது. பாலசிங்கம் தடுக்கவில்லை. அன்றைக்கு மகன் வாங்கிக்கொண்டு கிடந்தமாதிரியே தகப்பனும் வாங்கிக்கொண்டு இருந்தார்.

மூன்றாம் அடியோடு சுஜிதன் நிலை தடுமாறி நிலத்தில் இருந்துவிட்டான். மூச்சு இரைத்தது.

"அப்ப நான் குனியேல்லை" என்றான்.

"இல்லை, தம்பி."

"நாளைக்குக் காலமை வங்களாவடிச் சந்திக்கு வாரும்." நீங்கள் என்று மரியாதை சொன்ன வாய் நீர் என்று இறங்கியிருந்தது. "என்னைக் குனிஞ்சான் எண்ட எல்லாரும் அங்கை நிப்பினம். சொல்லும்."

காலை ஏழு மணிக்குச் சந்தி நிறையச் சனம். பட்டண பஸ்ஸுக்கு நிற்பவர்கள், தேத்தண்ணிக் கடையில் இருப்பவர்கள், பள்ளிப் பிள்ளைகள். சுஜிதன் கடை வாசல் வாங்குப் பலகையில் இருந்தான், பக்கத்தில் ஊன்றுகோல். காதில் பஞ்சு வைத்த லிங்கம் வீதியோரம் நின்று பதினொரு தரம் சொன்ன கதையைத் தொடங்கினார். ஆறே முக்கால், மோட்டார் சைக்கிள், பொடியன் வந்த வேகம். குனியும் இடம் வந்ததும் பிள்ளைகள் முதுகை வளைக்கத் தயாரானார்கள். லிங்கம் குனியவில்லை. வலது கையை உயர்த்திக் கயிறு இழுத்துக் காட்டினார்.

"கம்பத்தைத் தூக்கினது நான். காலைக் கொண்டுபோனது நான். பொய் சொன்னதும் நான்."

பிறகு பஸ்ஸுக்கு நின்ற ஒருவன் வந்து வாயைப் பொத்தி ஒன்று போட்டான். இன்னொருவன் கழுத்தைப் பிடித்து வீதியில் தள்ளினான். லிங்கம் எழும்பி முழங்காலில் நின்று வாங்குப் பலகையில் இருந்தவனைப் பார்த்தார்.

சுஜிதன் அடிக்கச் சொல்லவும் இல்லை, நிறுத்தச் சொல்லவும் இல்லை.

"பின்னாலை நிக்கிறவைக்குக் கேக்கேல்லை" என்றான். "இன்னொருக்காச் சொல்லும்."

தியாகலிங்கம் வாயில் ஊறிய இரத்தத்தைத் துப்பிவிட்டு எழும்பினார். கையை மறுபடி உயர்த்திப் பிடித்துக்கொண்டு முதலில் இருந்து சொல்லத் தொடங்கினார்.